நிலத்தடி அறை படுக்கையறை ஆகுமா? கும்பகோணத்தில் ஒரு கட்டட ஆய்வுச் சேவை

கும்பகோணத்தில் வீடு வாங்கும் முன் நாங்கள் கட்டணம் செலுத்தி ஆய்வுக்கு அமர்த்திய பொறியாளரின் சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். டைல்ஸ் பதித்து, ஏ.சி. பொருத்தி, மூன்றாவது படுக்கையறை என்று விற்பவர் காட்டிய நிலத்தடி அறையில்தான் அவர் அதிக நேரம் நின்றார். கட்டிலுக்குப் பின்னிருந்த பிளைவுட் பலகையை விலக்கியதும், முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்த சுவர்ப்பூச்சு விரல் பட்டாலே உதிர்ந்தது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறியதன் அடையாளம் அது; ஆற்றில் தண்ணீர் வந்தாலே கிணற்று நீர்மட்டம் ஏறும் டெல்டாவில் இது வியப்பல்ல.

2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு நிலத்தடித் தளத்தில் குடியிருப்பதை ஏற்பதில்லை. பொருள் வைப்பது, வண்டி நிறுத்துவது போன்றவற்றுக்குத்தான் அத்தளம் உதவும் என்பதைப் பொறுமையாக விளக்கினார். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் மாதிரி விதிகள் அத்தகைய அறையைப் படுக்கையறையாக ஏற்பதுண்டு என்றாலும், ஆபத்தில் தப்பிக்கக் குறைந்தது 5 சதுர அடித் திறப்புள்ள ஜன்னல் வேண்டும், அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று அவை கேட்கின்றன. இங்கிருந்ததோ கூரையை ஒட்டிய, கம்பி பதித்த சிறு வெளிச்சத் திறப்பு. குழந்தைகளை அங்கே உறங்க வைக்க எந்தப் பெற்றோரும் துணியக் கூடாது.

அறிக்கை வரத் தாமதமானது மட்டுமே குறை. அந்த அறிக்கையைக் காட்டி, இரண்டு படுக்கையறை வீட்டுக்குரிய விலையையே பேசினோம்.