ஆறு வருட ரப்பர் ஸ்டாம்ப்: கத்தியைவிட மை படுத்திய பாடு

நான் செதுக்கிய முதல் ஸ்டாம்ப் ஒரு சாவி. சாவி என்று நான் சொன்னால்தான் தெரியும். பார்த்தவர்களில் ஒருவர் கரண்டி என்றார், இன்னொருவர் தலைப்பிரட்டை என்றார். அது நடந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நூற்றுச் சொச்சம் ஸ்டாம்ப் செதுக்கி, அவற்றை வைத்துச் சின்னச் சின்னக் கார்டுகள் அடித்து, முகம் தெரியாத பலரோடு மாற்றிக்கொண்டிருக்கிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்தக் கத்தி வாங்கலாம்? கத்தி ஒரு பிரச்சினையே இல்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கார்டைப் பற்றி முதலில். ஆர்ட்டிஸ்ட் டிரேடிங் கார்டு என்று இதற்குப் பெயர், கலைஞர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் கார்டு. அகலம் 64 மி.மீ., உயரம் 89 மி.மீ.; அங்குலக் கணக்கில் இரண்டரைக்கு மூன்றரை. சீட்டுக்கட்டில் ஒரு சீட்டை எடுத்துப் பாருங்கள், அந்த அளவுதான். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் வான்சி ஸ்டிர்னமன் என்ற கலைஞர், தான் கையால் செய்த 1200 கார்டுகளை 1997-ல் காட்சிக்கு வைத்தார். யார் வேண்டுமானாலும் இதே அளவில் ஒரு கார்டு செய்துகொண்டு வந்து, கடைசி நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். அங்கிருந்து கிளம்பியதுதான் இந்தப் பழக்கம். அளவு மாறக் கூடாது, விற்கக் கூடாது. முக்கிய விதி என்று பார்த்தால் அவ்வளவுதான். பின்பக்கம் பெயரும் தேதியும் எழுத வேண்டும். ஒரே படத்தில் பல கார்டு அடித்திருந்தால் 3/9 என்பது போல எண் போட வேண்டும், அதாவது ஒன்பதில் மூன்றாவது. இதே அளவில் விற்பதற்கென்றே செய்கிறவர்கள் தனிக் கூட்டம். அவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள், நமக்கு அந்தப் பக்கம் வேலையில்லை.

எனக்குப் படம் வரைய வரும், ஆனால் ஒரே படத்தை ஒன்பது தடவை வரையப் பொறுமை கிடையாது. ஸ்டாம்புக்கு வந்ததே அந்தச் சோம்பேறித்தனத்தால்தான். ஒருமுறை செதுக்கிவிட்டால் அப்புறம் அடித்துத் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் ஒரு வருடம் வெறும் வெள்ளை அழிரப்பர்தான். பென்சில் எழுத்தை அழிக்கிற, பிளாஸ்டிக் வகை ரப்பர். ஸ்டெட்லர் மார்ஸ் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று. இதை இன்றும் நான் குறை சொல்ல மாட்டேன். வெண்ணெய் மாதிரி வெட்டும், நுணுக்கமான கோடு நிற்கும். ஆனால் அளவு சின்னது, கார்டில் பாதிகூட நிறையாது. அதோடு, ஓரங்கள் சீக்கிரம் உதிரும். அடுத்து வாங்கியது ஸ்டாம்ப் செதுக்குவதற்கென்றே வரும் இளஞ்சிவப்புப் பலகை, ஸ்பீட்பால் நிறுவனத்தின் ஸ்பீடி-கார்வ். என் வேலையில் முக்கால்வாசி இதில்தான். வளைத்தாலும் உடையாது. கார்டு அளவுக்குத் துண்டு போட்டு வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் வரும். கெட்டியான சாம்பல் நிற லினோலியத்தையும் முயன்றேன். அதில் விழும் கோட்டின் அழகு தனி, ஒத்துக்கொள்கிறேன். என் மணிக்கட்டு ஒத்துக்கொள்ளவில்லை.

ஜப்பானில் அழிரப்பர் ஸ்டாம்புக்கென்றே ஒரு பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. தொலைக்காட்சி விமர்சகரான நான்சி செகி (1962–2002) பிரபலங்களின் முகங்களை அழிரப்பரில் செதுக்கித் தன் கட்டுரைகளோடு வெளியிட்டவர். அங்கே கிடைக்கும் ரப்பர் பலகைகளில் மேல்தோல் ஒரு நிறம், உள்ளே வேறு நிறம். வெட்டிய இடம் பளிச்சென்று தெரியும். ஒரு முறை மாற்றலில் அதில் ஒரு துண்டு பரிசாக வந்தது. செதுக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டோமே என்று தோன்றியது.

சரி, கத்தி. லினோ கட்டர் என்று ஒரு கைப்பிடி, அதில் மாற்றிப் பொருத்தும் ஐந்தாறு முனைகள். எல்லாம் வருகிற செட்டைத்தான் வாங்கினேன். ஆறு வருடத்தில் நான் தொட்டது இரண்டு முனைகளை மட்டும்: மிகச் சன்னமான வி வடிவ முனை, பின்புலத்தைத் தோண்டி எடுக்க அகலமான யு வடிவ முனை. கூடவே, கூர்மையான நுனி கொண்ட ஒரு கைவினைக் கத்தி. மொட்டையான முனையை வைத்து அழுத்தினால் ரப்பர் கிழியும். கிழிந்தால் கோடு போச்சு. அதனால் முனையை மட்டும் தவறாமல் மாற்றுகிறேன். கைப்பிடி அதே பழைய கைப்பிடிதான்.

செதுக்கும்போது கற்றுக்கொண்டதில் முக்கியமானது கத்தியின் சாய்வு. கோட்டின் ஓரமாக வெட்டும்போது கத்தி கோட்டைவிட்டு வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும். அப்போதுதான் அடியில் அகலமாகவும் மேலே சன்னமாகவும், மலைச்சரிவு மாதிரி கோடு நிற்கும். உள்பக்கமாகச் சரித்து அடியை அரித்துவிட்டால், முதல் இரண்டு அச்சு அருமையாக விழும், பத்தாவது அச்சில் கோடு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். என் பழைய சாவியின் பற்களுக்கு நடந்தது இதுதான். இன்னொன்று, வளைவு வரும் இடத்தில் கையைத் திருப்பக் கூடாது, ரப்பரைத் திருப்ப வேண்டும். கத்தி பிடித்த கை அசையாமல் இருக்க, இடது கை ரப்பரைச் சுற்றிக்கொண்டே வந்தால் வட்டம் வட்டமாகவே வரும். இடது கை விரல்கள் கத்திக்கு எதிரே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் ஆள்காட்டி விரலில் ஒரு தழும்பு இருக்கிறது, அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆந்தை ஒன்று செதுக்கினேன், மூன்றாவது வருடத்தில். கண்தான் கஷ்டம். கறுப்பு விழி அப்படியே நிற்க வேண்டும், அதற்குள் கடுகளவு வெளிச்சப் புள்ளி வெள்ளையாக விழ வேண்டும். கத்தியால் அந்தப் புள்ளியைத் தோண்டப் போனால் சதுரமாகிறது. கடைசியில் மைக்ரோ டிப் பென்சிலின் லெட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்த உலோகக் குழாய் முனையை நிமிர்த்திப் பிடித்து ரப்பரில் அழுத்தி ஒரு சுற்று சுற்றினேன். குழாய்க்குள் ஒரு சின்ன ரப்பர் உருளை மாட்டிக்கொண்டு வெளியே வந்தது. அச்சடித்தபோது ஆந்தை என்னைப் பார்த்தது.

படத்தை ரப்பரில் ஏற்றுவது எளிது. டிரேசிங் பேப்பரில் 4பி பென்சிலால் அழுத்தி வரைந்து, கவிழ்த்து வைத்து நகத்தால் தேய்த்தால் படம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ரப்பரில் இடவலம் மாறித் தெரியும், அச்சில் நேராகிவிடும். லேசர் பிரிண்ட் என்றால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் பின்பக்கம் ஒற்றியெடுக்கலாம். இங்க்ஜெட் பிரிண்டில் இது நடக்காது. அசிட்டோன் கொஞ்சம் கூடினால் ரப்பரின் மேல்தோலே பிசுபிசுத்துவிடும். நான் பென்சிலுக்கே திரும்பிவிட்டேன்.

எழுத்து வந்தால் மட்டும் இரண்டு தடவை யோசியுங்கள். ஒரு வரிசைக் கார்டுக்கு 'மழை' என்று தலைப்பு வைக்க ஆசைப்பட்டு, அவசரத்தில் ரப்பர் மேலேயே பேனாவால் நேராக எழுதிச் செதுக்கிவிட்டேன். முக்கால் மணி நேர வேலை. அடித்துப் பார்த்தால் ழகரம் முதலில் நிற்கிறது, கொம்பு திரும்பிக்கொண்டு நிற்கிறது, மகரம் கடைசியில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. கண்ணாடியில் காட்டினாலும் மாறாத ப, ஃ மாதிரி எழுத்துகளாகவே தேடி ஒரு சொல் அமைக்கலாமா என்றுகூட அன்றைக்கு யோசித்தேன்.

ஆக, செதுக்குவதற்கு ஒரு மணி நேரம். நிஜமான வேலை அதற்கு அப்புறம்தான்.

ஒன்பது கார்டு சுத்தமாக வேண்டுமென்றால் நான் பதின்மூன்று அடிக்கிறேன். ஒன்றில் மை திட்டுத்திட்டாக இருக்கும், ஒன்றில் ஸ்டாம்ப் வழுக்கியிருக்கும், ஒன்றில் என் கட்டைவிரல் ரேகை இருக்கும். புது ரப்பரில் மேலே ஒரு வழவழப்பு இருப்பதால் மை உருண்டு உருண்டு நிற்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, இன்னொரு அழிரப்பரால் மேலாகத் தேய்த்துவிட்டால் சரியாகிறது. இது தெரியாமல் முதல் வருடம் முழுக்க என் செதுக்கலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம், ஸ்டாம்பை எடுத்து மை பேடில் அழுத்தாதீர்கள். ஸ்டாம்பை மல்லாக்க வைத்து, பேடை எடுத்து அதன் மேல் தட்டித் தட்டி மை ஏற்றுங்கள். அழுத்தினால் பள்ளங்களில் எல்லாம் மை இறங்கி, வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் சேறாகிவிடும். கார்டு அளவு பெரிய ஸ்டாம்ப் என்றால் அதை மல்லாக்கவே விட்டு, கார்டை மேலே வைத்து, கரண்டியின் முதுகால் மெதுவாகத் தேய்ப்பேன். சின்ன ஸ்டாம்ப் என்றால் கார்டுக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வேண்டும். பழைய மவுஸ் பேட் போதும்.

மையில்தான் என் காசு போனது. சாய மை சட்டென்று காயும், காகிதத்துக்குள் இறங்கும். வெளிச்சத்தில் வைத்தால் நாளடைவில் வெளுக்கும். நிறமி மை காகிதத்தின் மேலே உட்காரும், அடர்த்தியாக இருக்கும், ஆனால் காயப் பொறுமை வேண்டும். பளபளப்பான காகிதத்தில் அடித்தால் மறுநாளும் கையில் ஒட்டும். முதல் வருடத்தில் சாய மையில் அடித்து என் மேஜைக்கு மேலே மாட்டிவைத்த நீல மீன்கொத்தி இப்போது சாம்பல் மீன்கொத்தி. அதனால் படக்கோட்டுக்குக் கறுப்பு நிறமி மை, நிறத்துக்கு வண்ணப் பென்சில் என்று முடிவுகட்டிவிட்டேன். கலர் கலராக வாங்கிய பதினொரு பேடுகளில் ஏழு காய்ந்து கிடக்கின்றன. இதை எழுதும்போது எண்ணிப் பார்த்தேன், எண்ணியிருக்க வேண்டாம்.

காகிதம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம், அட்டை மாதிரித் தடிமன்), மொரமொரப்பு இல்லாத வழவழ ரகம், ஆனால் பளபளப்புப் பூச்சு கூடாது. ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கார்டு வரும். பக்கவாட்டில் 18 மி.மீ., கீழே 30 மி.மீ. துண்டு மிஞ்சும். அந்தத் துண்டுகளை நான் எறிவதில்லை. மை சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அச்செல்லாம் அதில்தான்.

இப்போது என் பெரிய சோகம். இரண்டாவது வருடத்திலிருந்து ஸ்டாம்புகளை அழகான, கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி வைத்தேன். நாலைந்து மாதம் திறக்கவே இல்லை. திறந்தபோது ஆறு ஸ்டாம்ப் பெட்டியின் அடியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பிய்த்தால் பெட்டியும் இளகியிருக்கிறது, ரப்பரும் பிய்கிறது. பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த ரப்பரை மெத்தென்று வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள், பாலிஸ்டைரீன் மாதிரியான பிளாஸ்டிக்கில் பட்டால் அதை இளக்கிவிடும். கடையில் வாங்கும் அழிரப்பருக்கு ஒரு காகித உறை போட்டிருப்பதன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது ஒவ்வொரு ஸ்டாம்பும் தனித்தனிக் காகிதத்தில் சுருட்டி, அட்டைப் பெட்டியில், வெயில் படாத இடத்தில். இருந்தும் பழையவை சில ஓரங்களில் இறுகிப்போயிருக்கின்றன. இரண்டு நிறத்துக்கு இரண்டு தனி ஸ்டாம்ப் செதுக்கிப் பொருத்துகிறவர்கள், அந்த வரிசையைச் சூட்டோடு சூடாக அடித்து முடித்துவிடுவது நல்லது. நாலு வருடம் கழித்து எடுத்துப் பொருத்திப் பார்த்தேன், என்னுடையவை பொருந்தவில்லை.

மாற்றல் அனுபவம் மொத்தத்தில் நல்லது. ஒருவர் ஒருங்கிணைப்பார், எல்லோரும் ஆளுக்கு மூன்று கார்டு அனுப்புவார்கள், அவர் கலைத்து ஆளுக்கு மூன்று திருப்பி அனுப்புவார். சொன்ன தேதிக்கு அனுப்பாதவர்கள் உண்டு. ஒரு தடவை என் மூன்று ஆந்தைக்குப் பதிலாக வந்த மூன்றில் இரண்டு, வாழ்த்து அட்டையை மூலையில் வெட்டி எடுத்த பூக்கள். பின்பக்கம் பெயர்கூட இல்லை. ஆனால் அதே உறையில் வேறொருவர், நரம்பு நரம்பாகச் செதுக்கிய தும்பிச் சிறகு ஒன்றும் அனுப்பியிருந்தார். தோண்டிய இடத்தில் விட்டுப்போன கீற்றுகள் மையைப் பிடித்து, சிறகைச் சுற்றிக் காற்று மாதிரி விழுந்திருந்தன. அதுவரை அந்தக் கீற்றுகளை நான் குறை என்று நினைத்து ஒவ்வொன்றாகச் சீவிக்கொண்டிருந்தேன். இப்போது பாதியை விட்டுவிடுகிறேன்.

வந்த கார்டுகளை ஒன்பது பை கொண்ட பிளாஸ்டிக் தாள்களில் போட்டு வைத்திருக்கிறேன், பாலிபுரோப்பிலீன் தாள்கள். பெட்டியிடம் பட்ட பாடு போதும். அனுப்பும்போது மை முழுக்கக் காய்ந்ததா என்று பாருங்கள், இரண்டு கார்டுக்கு நடுவே ஒரு மெல்லிய தாள் வையுங்கள்.

இன்றைக்கு ஒருவர் புதிதாக ஆரம்பித்தால் அவருக்கு நான் சொல்வது: ஒரு கைப்பிடி, இரண்டு முனை, ஒரு பலகை, கறுப்பு மை ஒன்று. மிஞ்சும் காசுக்கு நல்ல காகிதம். ஒரு வருடம் அதோடு ஓட்டுங்கள்.

பெட்டியோடு ஒட்டிக்கொண்ட ஆறில் ஆந்தையும் ஒன்று. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, வால் மட்டும் மொட்டையாகிவிட்டது. அடுத்த மாற்றலுக்கு அதையேதான் அடிக்கப் போகிறேன். வாலை மறைக்க இலையோடு ஒரு கிளை தனியாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். இலை நான்கு முடிந்துவிட்டது. இன்னும் மூன்று பாக்கி.