எடை குறைந்த வால்யூம் பெடல்: மேடைக்கும் மலைக்கும் எது ஒத்துவரும்?

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டிச் சேலத்தில் தெருவுக்குத் தெரு மேடை. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா, டிசம்பரில் சர்ச் நிகழ்ச்சிகள். கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறுகிறவருக்குப் பையில் அரைக் கிலோ குறைந்தாலும் நிம்மதிதான். ஆனால் காலால் மிதித்துச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலை எடையை மட்டும் பார்த்து எடுத்தால், அது பையில் லேசாக இருக்கும், கிட்டாரின் சத்தத்தையும் மொக்கையாக்கிவிடும். முதலில் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் கண்ட்ரோலின், அதாவது மிதிக்கும்போது சுழலும் மாறும் மின்தடையின், மதிப்பு. அதற்குப் பிறகே எடை.

பவர் தேவைப்படாத பெடல்களில் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு வகை: 250 கிலோ ஓம், 25 கிலோ ஓம். (பாஸ் நிறுவனம் இதையே எச், எல் என்று பெயரின் கடைசி எழுத்தில் பிரிக்கிறது, எச் என்றால் கிட்டாரிலிருந்து நேராக, எல் என்றால் பஃபர் என்னும், சிக்னல் சுமையில் மங்காமல் காக்கும் சுற்றுக்குப் பின்னால்.) சாதாரண பிக்கப் உள்ள கிட்டாரை நேராக 25 கிலோ ஓம் பெடலில் செருகினால் உச்ச ஸ்தாயியின் கூர்மை பெருமளவு செத்துவிடும். பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் சுருள் கம்பி. 3 ஹென்றி சுருள் 3,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 56 கிலோ ஓம் தடை காட்டும். அதற்கு முன்னால் 25 கிலோ ஓம் சுமையை வைத்தால் மேல் சுரங்கள் சுருளுக்குள்ளேயே நின்றுவிடும். பெடல் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் சில, உண்மையில் இப்படி இடம் மாறி மாட்டப்பட்டவை.

250 கிலோ ஓமுக்கும் தொல்லை உண்டு, வேறு மாதிரி. பெடலைப் பாதி இறக்கி வைக்கும்போது, கண்ட்ரோலின் இரு பக்கமும் 125 கிலோ ஓம் வீதம் பிரியும் புள்ளியில், வெளியே வரும் மின்தடை 62.5 கிலோ ஓம். பின்னால் 5 மீட்டர் கேபிள் இருந்தால், மீட்டருக்கு 100 பைக்கோஃபேரட் என்று வைத்தாலும் மொத்தம் 500. இரண்டும் சேர்ந்து 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்ட ஆரம்பிக்கும். அதனால்தான் சத்தத்தைக் குறைக்கக் குறைக்கக் கிட்டார் போர்வைக்குள்ளிருந்து கேட்கிறது. 25 கிலோ ஓம் பெடலில் இதே வெட்டு 50,000 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுவதால் காதுக்கு ஒன்றும் தெரியாது.

ஆக, பெடல்களை வரிசையாக மாட்டும் போர்டில் முதலாவதாக பாஸ் டி.யு-3 மாதிரி பஃபர் உள்ள ட்யூனர் இருக்கிறதா? இருந்தால் அதற்குப் பின் 25 கிலோ ஓம் அல்லது எல் வகை. கிட்டாரிலிருந்து நேராகப் போவதென்றால் 250. சத்தத்தில் கரகரப்பு ஏற்றும் ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் பெடல் கரகரப்பைக் கூட்டிக் குறைக்கும். அதற்குப் பின்னால், எதிரொலி தரும் டிலேவுக்கு முன்னால் வைத்தால் சத்தத்தை மட்டும் குறைக்கும். எதிரொலியும் அறுபடாமல் தானே அடங்கும். மெல்லிசைக் கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் இழைகிற வாசிப்புக்கு இரண்டாவது இடம்தான் சரி.

இனி மாடல்கள். எர்னி பால் வி.பி. ஜூனியர் ஒரு கிலோவுக்கு மேல் வரும். லேசு என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒப்பிட அதுவே அளவுகோல், ஏனென்றால் கால்தட்டின் ஓட்டம் நீளமானது, படிப்படியாக ஏறும். 250-க்கு பி06180, 25-க்கு பி06181 என்று எண். பலவீனம் உள்ளே கண்ட்ரோலின் சக்கரத்தைச் சுற்றும் கயிறு. அது நைந்து மேடையில் அறுந்தால் கால்தட்டு சும்மா ஆடும், சத்தம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மாற்றுக் கயிறு தனியாகக் கிடைக்கிறது. பையில் ஒன்று இருக்கட்டும். இழுபடும் நைலான் நூலைக் கட்டினால் வழுக்கும்.

பாஸ் எஃப்.வி-500எச்சும் கனம்தான், 1.6 கிலோ. குறைந்தபட்ச சத்தத்தை வைக்கத் தனித் திருகு உண்டு, கால்தட்டின் இறுக்கத்தையும் மாற்றலாம். போர்டு வீட்டை விட்டு நகராதவருக்கு அருமை. பஸ்ஸில் போகிறவருக்கு அதன் தம்பி எஃப்.வி-30எச் போதும். அலுமினிய உடம்பு, ஒரு கிலோவுக்குள், ட்யூனருக்குத் தனி வழியும் உண்டு. எடை குறைந்ததற்கு ஈடாக விட்டுக்கொடுப்பது ஓட்டத்தில்: கால்தட்டு குட்டை, பூஜ்ஜியத்திலிருந்து முழுசுக்குச் சீக்கிரம் போய்விடும். சுரத்தை மெல்ல மலரவைக்கும் வாசிப்புக்குக் கணுக்கால் பழக வேண்டும்.

டன்லப் டி.வி.பி4 அளவில் அதற்குப் போட்டி. கயிற்றுக்குப் பதில் எஃகுப் பட்டை என்பதால் அறுந்து போகும் பயம் இல்லை. மற்ற எஃபெக்ட் மெஷினைக் காலால் கட்டுப்படுத்தும் எக்ஸ்பிரஷன் பெடலாகவும் வேலை செய்யும். சின்னப் பெடல்களில் எங்கள் ஓட்டு இதற்கே. காரணம் எடை அல்ல, அந்தப் பட்டைதான்.

மார்லியின் ஒளி வகைப் பெடலில் உரசும் கண்ட்ரோல் கிடையாது. வெளிச்சமும் ஒளியுணரியும்தான் சத்தத்தைக் குறைக்கின்றன. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஈரம் ஏறிக் கரகரப்பது இதில் இல்லை. ஆனால் பவர் வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் மட்டமான அடாப்டர் போட்டால் இரைச்சல் கூடவே வரும். ஜெர்மனியின் லேலே, காந்த உணரியால் அதே வேலையை இன்னும் நேர்த்தியாகச் செய்கிறது. விலை, வாரம் ஒரு கச்சேரி வாசிப்பவருக்கு நியாயப்படுத்த முடியாத விலை.

பல எஃபெக்ட்டுகள் ஒரே மெஷினில் அடங்கிய மல்ட்டி எஃபெக்ட்ஸ் வைத்திருப்பவர் இதில் எதையும் வாங்க வேண்டாம். ரோலண்ட் ஈ.வி-5 அல்லது எம்-ஆடியோ இ.எக்ஸ்-பி போன்ற பிளாஸ்டிக் எக்ஸ்பிரஷன் பெடல் எடையே தெரியாது. கிட்டார் சிக்னல் அதன் வழியாகப் போவதில்லை என்பதால் சுமை, கேபிள் கணக்கு எதுவும் இல்லை. ஆனால் இவற்றின் கேபிளில் இருப்பது மூன்று முனைப் பின். கம்பெனிக்குக் கம்பெனி பின்னின் இணைப்பு மாறும், ஈ.வி-5-ஐ வேறு கம்பெனி மெஷினில் செருகும் முன் அதன் கையேட்டைப் பாருங்கள். இ.எக்ஸ்-பியில் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் இருக்கிறது.

எடையே இல்லாத வழியும் உண்டு. கிட்டாரின் வால்யூம் குமிழில், உள்ளே வரும் கால் முதல் நடுக்கால் வரை 1 நானோஃபேரட் கெப்பாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் இணையாகச் சேர்த்துப் பற்ற வைத்தால், சத்தத்தைக் குறைத்தாலும் கூர்மை பெரிதாக இறங்காது. சுண்டுவிரலால் திருப்பும் பழக்கம் வர வேண்டும், அவ்வளவே.

லேசான பெடலுக்கு இன்னொரு குணம், நகர்வது. ஜமுக்காளம் விரித்த மேடையில் குதிகாலை அழுத்தினால் முன்னால் ஓடும். ஒட்டுப்பட்டையால் போர்டில் பிடித்து வையுங்கள். போர்டு இல்லையென்றால் ஒரு பிளைவுட் துண்டு, அடியில் ரப்பர் ஷீட். கோயில் மேடையில் வெறுங்காலோடு வாசிக்க வேண்டியிருக்கும். அதனால் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். சில கால்தட்டுகளின் சொரசொரப்பு உப்புத்தாள் மாதிரி.

பழைய பெடல் வாங்கப் போகும்போது மல்ட்டிமீட்டர் கையில் இருக்கட்டும். இன்புட்டில் ஒரு கேபிளைச் செருகி, அதன் மறுமுனையில் நுனிக்கும் உறைக்கும் நடுவே அளந்தால், பவர் இல்லாத பெடலில் 200 முதல் 300 கிலோ ஓமுக்குள் அல்லது 20 முதல் 30-க்குள் காட்ட வேண்டும். கால்தட்டை ஆட்டினாலும் அது மாறக் கூடாது. ஆம்பில் போட்டு மிதிக்கும்போது கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை ஆட்டுங்கள். கிளீனருக்கும் அடங்காவிட்டால் பெடலைக் குறை சொல்லாமல், அதற்கு முந்தைய எஃபெக்ட்டின் அவுட்புட்டில் டி.சி. வோல்ட் அளவெடுங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி இல்லையென்றால், அங்கே ஒரு கெப்பாசிட்டர் ஒழுகுகிறது. புதுக் கண்ட்ரோல் போட்டாலும் அந்தக் கரகரப்பு போகாது.