தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்: புத்தகமா, வெப் சீரிஸா, எதை முதலில் எடுப்பது?

சிவப்பு அங்கி, முகத்தை மறைக்கும் வெள்ளைத் தொப்பி. இந்த அட்டைப்படத்தைப் பார்த்து மார்கரெட் அட்வுட்டின் நாவலை வாங்குகிறவர்கள், உள்ளே துரத்தலும் தப்பியோட்டமும் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவார்கள். முதல் நூறு பக்கத்தில் பெரும்பாலும் நடப்பது இவ்வளவுதான்: ஒருத்தி கடைக்குப் போகிறாள், கோழி வாங்குகிறாள், டாக்டரிடம் போகிறாள், குளிக்கிறாள், மீதி நேரமெல்லாம் காத்திருக்கிறாள். அந்தச் சலிப்பு வேண்டுமென்றே வைத்தது. அதைப் பொறுத்துக்கொண்டு படித்தால், ஒரு அரசு பெண்களை எப்படி அடக்கும் என்பதை வீட்டுக் கணக்கு நோட்டு மாதிரி வரி வரியாக எழுதிக் காட்டும் நாவல் இது.

1985-இல் வெளிவந்தது. கதை நடப்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கேம்பிரிட்ஜ் நகரத்தில். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மதில்தான் தூக்கிலிட்டவர்களைத் தொங்கவிடும் சுவர். ஒரு கிறிஸ்தவ அடிப்படைவாதக் கும்பல் அதிபரைச் சுட்டு, நாடாளுமன்றத்தை இயந்திரத் துப்பாக்கியால் துடைத்து, பழியை இஸ்லாமியத் தீவிரவாதிகள் மேல் போட்டு, அரசியல் சட்டத்தைத் 'தற்காலிகமாக' நிறுத்திவைக்கிறது. பிறப்பு விகிதம் ஏற்கெனவே தரைதட்டிக் கிடக்கிறது. புது நாட்டின் பெயர் கிலியட்.

நாவலின் அசல் சரக்கு இதற்குப் பிறகுதான். ஒரு குடும்பப் பெண்ணிடம் எதிர்பார்க்கப்படும் வேலைகளை எல்லாம் கழற்றி, தனித்தனி ஆள்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது கிலியட். அந்தஸ்துக்கு மனைவி, நீல உடை. அடுப்படிக்கு மார்த்தா, மங்கிய பச்சை. கருப்பைக்கு ஹேண்ட்மெய்ட், சிவப்பு. பயிற்சிக்கும் தண்டனைக்கும் ஆன்ட்டி, பழுப்பு. ஏழை வீட்டு எக்கனோவைஃப் மட்டும் எல்லாவற்றையும் தானே செய்தாக வேண்டும். அதனால் அவள் உடையில் சிவப்பு, நீலம், பச்சை மூன்றும் கோடு கோடாக. எதற்கும் உதவாதவள் என்று முத்திரை விழுந்தால் அவள் 'அன்வுமன்'. நச்சுக்கழிவு அள்ளக் காலனிகளுக்குப் போவாள். ஹேண்ட்மெய்டுக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. கதைசொல்லியும் ஒரு ஹேண்ட்மெய்ட்தான்; உயர் அதிகாரியான கமாண்டர் ஃப்ரெட் வீட்டில் இருக்கும்வரை அவள் ஆஃப்ஃப்ரெட், அதாவது ஃப்ரெட்டுக்குரியவள். அவளை அனுப்பிவிட்டு இன்னொருத்தியைக் கொண்டுவந்தால் அவளும் ஆஃப்ஃப்ரெட்தான்.

இந்தப் பிரிவினை எப்படி வேலை செய்கிறது என்று கவனித்துப் படிக்க வேண்டும். மனைவிக்கு வீடு இருக்கிறது, பிள்ளை இல்லை. ஹேண்ட்மெய்ட் பிள்ளை பெறலாம், ஆனால் பெற்ற பிள்ளை மனைவிக்குப் போய்விடும். மார்த்தாவுக்கு இரண்டுமில்லை, சாப்பாட்டுத் தட்டு அவள் கையில். ஒருத்தி இன்னொருத்தியைப் பொறாமையோடும் அருவருப்போடும் பார்த்துக்கொண்டே இருக்க, காவலுக்கு ஆண்கள் அதிகம் தேவைப்படுவதில்லை. கடைக்குக்கூட ஹேண்ட்மெய்டுகள் ஜோடியாகத்தான் போக வேண்டும், ஒருத்திக்கு இன்னொருத்தி ஒற்றன். இதோடு ஒரு சட்டம்: மலடி உண்டு, மலடன் கிடையாது. ஆணுக்கு அந்தச் சொல்லையே பயன்படுத்தக் கூடாது. ஆணால் முடியாது என்பது ஊருக்கே தெரியும், சொல்லத்தான் முடியாது. அதனால்தான் பரிசோதனை அறையில் டாக்டர் 'உதவி' செய்ய முன்வருகிறார். அதனால்தான் கமாண்டரின் மனைவியே டிரைவரை ஏற்பாடு செய்கிறாள். கதையின் முக்கியமான திருப்பங்களுக்கு வேர் இந்தச் சட்டத்தில் இருக்கிறது.

ஆன்ட்டிகள் வரும் பகுதிகள் தனிச் சிறப்பு. பழைய பள்ளி ஜிம்மில் ராணுவக் கட்டில்கள் போட்டு நடக்கும் பயிற்சி முகாம். துப்பாக்கி ஏந்திய ஆண்கள் வெளியே, உள்ளே மின்சாரக் குச்சியோடு ஆன்ட்டிகள். ஒரு காட்சி. ஜனீன் என்ற பெண், 14 வயதில் தன்னைப் பலர் சேர்ந்து வன்புணர்ந்ததைச் சொல்ல வேண்டும். யார் தப்பு என்று ஆன்ட்டி ஹெலெனா கேட்க, சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் 'அவள் தப்பு' என்று ஒரே குரலில் கோஷம் போடுகிறார்கள். ஜனீன் அழுதால் அழுமூஞ்சி என்று அதற்கும் கத்தல். அடுத்த வாரம் யாரும் கேட்பதற்கு முன்பே தன் தப்புதான் என்று அவளே சொல்லிவிடுகிறாள். நன்றாகச் செய்தாய் என்று பாராட்டு கிடைக்கிறது. ஓரிரு பக்கம்தான். அடி இல்லை, ரத்தம் இல்லை. கோஷம் போட்டவர்களில் கதைசொல்லியும் ஒருத்தி என்பதை அட்வுட் மறைப்பதில்லை.

இன்னொரு முக்கியமான இடம் 28-ஆம் அத்தியாயம். ஹேண்ட்மெய்ட் ஆவதற்கு முந்தைய நினைவு: கதைசொல்லி சிகரெட் வாங்கப் போகிறாள், கார்டு செல்லாது என்கிறது கடை. வழக்கமாக இருக்கும் பெண்ணுக்குப் பதில் ஒரு ஆண் நிற்கிறான். அன்றே அவள் வேலைபார்க்கும் நூலகத்தில் பெண்களை எல்லாம் வேலையைவிட்டு அனுப்புகிறார்கள். பெண்களின் வங்கிக் கணக்கில் உள்ள பணம் கணவனுக்கோ நெருங்கிய ஆண் உறவினருக்கோ போய்விடும். பணம் முழுக்கக் கம்ப்யூட்டர் வழியாக ஓடுவதால் ஒரே நாளில் முடிகிற காரியம். கணவன் லூக் நல்லவன்தான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அந்த ஆறுதலே அவளை உறுத்துகிறது: நேற்றுவரை சமமாக இருந்தவர்களில் ஒருத்தி இன்று இன்னொருவனின் பொறுப்பு, அவனுக்கு அது அவ்வளவு வலிக்கவில்லையோ என்ற சந்தேகம். நேரமில்லை என்கிறவர்கள் இந்த ஒரு அத்தியாயத்தையாவது படியுங்கள்.

சின்னச் சின்னப் பொருள்களை வைத்து அட்வுட் செய்திருப்பதும் நேர்த்தி. கை க்ரீம் கிடையாது என்பதால் சாப்பாட்டில் வரும் வெண்ணெயைக் காலணி முனையில் ஒளித்துவைத்து ராத்திரி முகத்தில் தடவிக்கொள்கிறாள். கடைப் பலகைகளில் எழுத்து இல்லை, படம் மட்டும். பைபிளைப் பூட்டிய பெட்டியில் வைத்து ஆண் மட்டும் வாசிக்கிறான், ஆதியாகமத்தில் ராகேல் தன் வேலைக்காரி பில்காளை யாக்கோபிடம் அனுப்பும் பகுதியை. முகாமில் ஒலிநாடாவில் ஓடும் வசனங்களில் சிலவற்றை இவர்களே சேர்த்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். சரிபார்க்கத்தான் வழியில்லை. படிப்பைத் தடைசெய்வது எதற்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டாம்.

வாசகர்கள் சிக்கிக்கொள்வது காலக் குழப்பத்தில். முகாம், லூக்கோடு வாழ்ந்த காலம், இப்போதைய வீடு என்று மூன்றும் ஒரே பத்தியில் மாறி மாறி வரும். பிடித்துக்கொள்ள ஒரு வழி உண்டு: இப்போதைய பேச்சுக்குப் பொதுவாக மேற்கோள்குறி இருக்கும், நினைவில் வரும் பேச்சுக்குப் பெரும்பாலும் இருக்காது. மொத்தம் 15 பகுதிகள். ஒற்றைப்படைப் பகுதிகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் 'இரவு'. அவளுக்கென்று இருக்கும் நேரம் அதுதான், நினைவுகள் கூடுதலாக வருவதும் அங்கேதான். ஆங்கிலம் கடினமில்லை. ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று எடுத்தால் இரண்டு வாரத்தில் முடியும்.

கடைசியில் உள்ள வரலாற்றுக் குறிப்புகளைப் பின்னிணைப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். முதலில் புரட்டியும் பார்க்காதீர்கள். 2195-இல் நடக்கும் ஒரு கருத்தரங்கம் அது. நாம் படித்தது முழுவதும் ஏறக்குறைய 30 கேசட்டுகளில் பதிவானது என்று அப்போதுதான் தெரியவரும். பேராசிரியர் பியெக்ஸோட்டோ பெண்களை வைத்து ஜோக் அடிக்கிறார், கூட்டம் சிரிக்கிறது. கமாண்டரின் கம்ப்யூட்டரிலிருந்து 20 பக்கம் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அங்கலாய்க்கிறார். அவ்வளவு பாடுபட்டவளின் வாக்குமூலம் அவருக்குப் போதவில்லை. பெண்களுக்குக் கட்டாயக் கர்ப்பப் பரிசோதனை நடத்திய ருமேனியாவைப் பற்றிய குறிப்பும் இங்கே உண்டு. வரலாற்றில் எங்கும் நடக்காத எதையும் உள்ளே விடுவதில்லை என்பது அட்வுட் தனக்கே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

குறை இல்லாமல் இல்லை. எழுத்தறிவுத் தடை, பெயர் பறிப்பு, பெற்ற பிள்ளையைப் பிரிப்பது, தப்பிக்க ரகசியப் பாதை எல்லாம் அமெரிக்கக் கறுப்பின அடிமைப் பெண்கள் உண்மையில் அனுபவித்தவை. நாவலோ கறுப்பினத்தவரை டகோட்டாவுக்கு அனுப்பிவிட்டதாக ஒரு டிவிச் செய்தியில் சொல்லி முடித்துவிடுகிறது. அவர்கள் பட்ட பாட்டை எடுத்துக்கொண்டு அவர்களைக் கதையிலிருந்து வெளியேற்றியது பெரிய ஓட்டை. எக்கனோவைஃப்களும் தெருவில் கடந்துபோகிறார்களே தவிர, அவர்கள் வீட்டுக்குள் நாம் போவதே இல்லை. கதைசொல்லி போராளியாக இல்லையே என்ற புகார் மட்டும் எனக்கு நியாயமாகப் படவில்லை. பயந்து ஒத்துப்போகிறவளின் கணக்கைச் சொல்லத்தான் இந்தப் புத்தகம்.

எந்தப் பதிப்பு? 2017-இல் அட்வுட் எழுதிய முன்னுரை உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். 1984-இல் மேற்கு பெர்லினில், வாடகைக்கு எடுத்த ஜெர்மன் தட்டச்சுப்பொறியோடு இதை எழுதத் தொடங்கிய கதை அதில் இருக்கிறது. ஆடியோ வேண்டுமென்றால் கிளேர் டேன்ஸ் வாசித்தது. கேசட்டில் சொன்ன கதை என்பதால் காதில் கேட்பது பொருத்தமும்கூட. ரெனே நால்ட் வரைந்த 2019 சித்திரநாவலில் நிறப் பிரிவினை பளிச்சென்று தெரியும், ஆனால் உள்ளே ஓடும் நினைப்பு பாதி உதிர்ந்துவிடும்.

2017-இல் தொடங்கிய வெப் சீரிஸில் 6 சீசன், 66 எபிசோட். முதல் சீசனின் 10 எபிசோடோடு நாவல் முடிந்துவிடுகிறது, நிறுத்திக்கொள்ள வேண்டிய இடமும் அதுவே. எலிசபெத் மோஸின் நடிப்பில் குறை சொல்ல முடியாது. பிறகு கதாநாயகி கிளர்ச்சித் தலைவியாகி, சித்திரவதைக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வர, நாவல் ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போனதைக் கேமரா பத்து நிமிடம் உற்றுப் பார்க்கிறது. 2018-இல் இந்தக் கதாபாத்திரங்களின் பெயரில் ஒயின் விற்கக் கிளம்பி, எதிர்ப்பு வந்ததும் உடனே வாபஸ் வாங்கினார்கள். அடிமைப் பெண்ணின் பெயரில் மது விற்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது!

இதன் தொடர்ச்சியான 'தி டெஸ்டமென்ட்ஸ்' 2019-இல் வந்து புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. விறுவிறுப்பு அதிகம், ஆழம் குறைவு. ஆன்ட்டி லிடியா சொல்லும் பகுதிகளுக்காக மட்டும் வாங்கலாம்: நீதிபதியாக இருந்தவளை ஒரு விளையாட்டரங்கில் அடைத்துவைத்து எப்படி ஆன்ட்டியாக மாற்றினார்கள் என்று அவள் வாயாலேயே வருகிறது. அதன்பிறகும் இந்த வகையில் தேடுகிறவர்கள் சூசெட் ஹேடன் எல்ஜினின் 'நேட்டிவ் டங்' எடுக்கலாம், 1984. சட்டப்படி மைனர்களாக்கப்பட்ட பெண்கள் தங்களுக்கென்று ரகசியமாக ஒரு மொழியை உருவாக்குகிறார்கள். ஒரு நாளைக்கு 100 சொல்தான் பேசலாம் என்று பெண்களின் மணிக்கட்டில் எண்ணி மாட்டும் 'வாக்ஸ்' நாவலின் தொடக்கம் அபாரம், பிற்பாதி சாதாரண திரில்லர். நேர் எதிர்த்திசையில் ஒன்று வேண்டுமென்றால் ரொக்கேயா சகாவத் ஹுசேனின் 'சுல்தானாஸ் ட்ரீம்': ஆண்களை வீட்டுக்குள் அடைத்துவிட்டு பெண்கள் நாடாளும் குறுங்கதை, 1905-இல் சென்னையிலிருந்து வந்த 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில்தான் முதலில் வெளியானது. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம்.