பழைய திறப்பைக் காலம் பார்க்கக் கொடுக்கப் போகிறீர்களா? இதை வாசித்துவிட்டுப் போங்கள்

திருகோணமலையில் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒருவரிடம் எங்கள் அம்மம்மாவின் இரும்புத் திறப்பை (சாவியை) கொடுத்து ஏமாந்தேன். அவர் பெயரையும் கடையையும் எழுதப் போவதில்லை. அவர் செய்த விதத்தை மட்டும் சொல்கிறேன், வேறு யாரும் இதே மாதிரி மாட்டக்கூடாது.

திறப்பு என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். கைபிடிக்கும் வளையத்தில் மூன்று இலை விரிந்த மாதிரிப் பூவேலை. தண்டு உள்ளே குழல். நுனிப் பல் மூன்று படியாக வெட்டியிருக்கும். அம்மம்மாவின் தேக்குப் பெட்டகத்துத் திறப்பு அது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது பெட்டகம் போய்விட்டது. திறப்பு அவருடைய சேலைத் தலைப்பில் முடிந்திருந்ததால் தப்பியது. கனடாவில் இருக்கும் அக்கா, “அது எந்தக் காலத்துத் திறப்பு என்று யாரிடமாவது கேட்டுப் பாரன்” என்றார். அதற்காகத்தான் அந்த மனிதரிடம் போனேன்.

வாங்கிப் பார்த்த உடனேயே “ஒல்லாந்தர் காலம்” என்றார். சோதித்து எழுத்தில் தர 6,000 ரூபாய், ஒரு கிழமை ஆகும் என்றார். கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்கவில்லை, அது என் பிழை.

ஒரு கிழமை கழித்துப் போனால், திறப்பு புது எவர்சில்வர் கரண்டி மாதிரி மினுங்கியது. அசிட்டில் ஊறப்போட்டு, கம்பிச் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்திருக்கிறார். கூடவே லேமினேட் செய்த ஒரு தாள்: “1665, பிரெட்ரிக் கோட்டை வாசல் திறப்பு.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “1815க்கு முந்தின சாமானை வீட்டில் வைத்திருந்தால் பொலிஸ் வரும். உங்களுக்கு ஏன் கரைச்சல்? 10,000 தாறன், விட்டிட்டுப் போங்கோ” என்றார். உண்மையாகவே பயந்துவிட்டேன். அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எப்படியோ திறப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் சந்தைப் பக்கம் பூட்டுத் திருத்தும் ஒரு வயதான ஐயாவிடம் காட்டினேன். கையில் வாங்கியதும் அவர் முகம் மாறியது. “பிள்ளை, இதை ஆர் தேய்ச்சது?” என்றார். பிறகு ஸ்டூலில் இருத்தி, கண்ணாடி வில்லையைத் தந்து, ஒவ்வொன்றாகக் காட்டினார்.

பல்லின் படிகளைத்தான் முதலில் பார்க்கச் சொன்னார். மிகப் பழைய பூட்டுகளில் உள்ளே தடுப்புத் தகடுகள் நிற்கும். அவற்றைத் தாண்டிச் சுற்றுவதற்காகத் திறப்பின் பல்லில் கீறல் கீறலாக வெட்டியிருப்பார்கள். எங்கள் திறப்பில் கீறல் இல்லை, உயரம் மாறி மாறிப் படிகள். ஒவ்வொரு படியும் பூட்டுக்குள் ஒவ்வொரு லீவரை, அதாவது அசையும் தகட்டை, அதனதன் அளவுக்குத் தூக்கும். இந்த வகைப் பூட்டுக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பரன் காப்புரிமை எடுத்தது 1778இல், சப் என்பவரின் லீவர் பூட்டு வந்தது 1818இல். 1665இல் இப்படியொரு திறப்பு எங்கிருந்து வரும்? அது திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தர் திருப்பிக் கட்டிய ஆண்டு. பிரெட்ரிக் என்ற பெயரே 1803இல் ஆங்கிலேயர் வைத்தது.

குழல் தண்டும் அப்படித்தான். பூட்டுக்குள் நிற்கும் ஊசியில் குழல் போய் இருக்கும், ஆகவே ஒரு பக்கத்தால் மட்டும்தான் திறக்கலாம். பெட்டி, அலுமாரிக்குப் பெரும்பாலும் இதுதான். இரண்டு பக்கமும் திறக்க வேண்டிய கதவுக்குத் தண்டு கட்டியாக இருக்க வேண்டும்.

பூவேலையை மட்டும் வைத்துக் காலம் சொல்பவரை நம்பவே வேண்டாம் என்றார் ஐயா. ஒரே பூவைத் தலைமுறை தலைமுறையாகச் செய்திருக்கிறார்கள், இன்றைக்கும் வார்க்கிறார்கள். வளையத்தின் ஓரத்தில் மயிர் போல ஒரு கோடு ஓடினால் அது அச்சில் வார்த்தது. அடித்துச் செய்த திறப்பில் அரம் போட்ட கீறல்களும், பல்லைத் தண்டோடு பொருத்திய இடத்தில் மெல்லிய பித்தளை ஒட்டும் தெரியும். முழுக்க ஒரே செம்மஞ்சள் கறள் பிடித்து, பல்லின் முனை கொஞ்சமும் தேயாமல் இருந்தால் அது புதிதாகச் செய்து கறள் ஏற்றியது. எங்கள் திறப்பில் இவை எதையும் இனிப் பார்க்க முடியாது. சக்கரம் எல்லாவற்றையும் வழித்துவிட்டது.

சட்டம் பொய்யில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் 1815 மார்ச் 2 என்ற நாள் பழமைக்கு எல்லையாக இருக்கிறது, தொல்பொருளை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்பவும் முடியாது. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் தொல்பொருள் திணைக்களம். காலத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சொல்லி, அதே காலத்தைக் காட்டிப் பயமுறுத்தி, மலிவாக வாங்கப் பார்க்கும் ஆளிடம் சட்டம் கேட்காதீர்கள்.

உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து அசிட், மண்தாள் எதுவும் படவிடாதீர்கள். மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, துளி எண்ணெய் தடவினால் போதும். கையை விட்டுக் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் வெயிலில் படம் எடுங்கள், பக்கத்தில் அடிமட்டம் வைத்து. காலம் சொல்பவரிடம் “எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று கேளுங்கள்.

அக்காவுக்கு அனுப்ப நான் முதலே ஒரு படம் எடுத்திருந்தேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் வளையத்துக்குக் கீழே கறளுக்குள் ஏதோ எழுத்து அடித்திருக்கிறது. முதல் எழுத்து டபிள்யூ போல இருக்கிறது. இங்கிலாந்தில் வில்லன்ஹால், வூல்வர்ஹம்டன் இரண்டும் பூட்டுத் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள் என்று பிறகு வாசித்தேன். ஊர்ப் பெயரா, செய்தவர் பெயரா என்று பார்க்க ஓடிப்போய்த் திறப்பை எடுத்தேன். அந்த இடம் வழுவழுவென்று இருக்கிறது.