மாலை உச்ச நேரத்துக்கு எது சரி: எரிவாயு டர்பைனா, பேட்டரியா?

பொழுது சாயும் நேரம்தான் மின்தொகுப்புக்குச் சோதனை. சோலார் உற்பத்தி மளமளவென்று இறங்கும். அதே நேரத்தில் வீடுகளில் விளக்கும் அடுப்பும் ஏசியும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கும். இந்த இடைவெளியை நிரப்ப இன்று போட்டியில் இருப்பவை மூன்று: ஒற்றைச் சுழற்சி எரிவாயு டர்பைன், கூட்டுச் சுழற்சி எரிவாயு நிலையம், பேட்டரி நிலையம். எது மலிவு என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். எத்தனை மணி நேரத்துக்கு மின்சாரம் தேவை என்று கேட்டுவிட்டுத்தான் விலைக்கு வர வேண்டும்.

ஒற்றைச் சுழற்சி டர்பைன் விமான எஞ்சினைப் போன்றது. காற்றை அழுத்தி, அதில் வாயுவை எரித்துச் சுழலும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முழு உற்பத்திக்கு வந்துவிடும், அதுதான் அதன் பலம். ஆனால் சுமார் 600 டிகிரி சூட்டோடு புகை நேராக வெளியே போய்விடுகிறது. எரிபொருளின் ஆற்றலில் 35 முதல் 40 சதவீதம்தான் மின்சாரமாகிறது. இன்னொரு குறையும் உண்டு. வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைவதால் உற்பத்தியும் குறையும். ஏசி அதிகம் ஓடும் நாளில்தான் இந்த டர்பைன் தளர்கிறது.

கூட்டுச் சுழற்சி நிலையம் அந்தச் சூட்டை வீணாக்குவதில்லை. புகையைக் கொதிகலனுக்குள் விட்டு, நீராவி உண்டாக்கி, இரண்டாவது டர்பைனை ஓட்டுகிறது. பிரான்சின் புஷேன் நிலையம் 2016இல் எரிபொருளின் ஆற்றலில் 62.22 சதவீதத்தை மின்சாரமாக்கி கின்னஸ் சாதனை படைத்தது. புகைபோக்கியில் வரும் கார்பன் டை ஆக்சைடு, ஒரு யூனிட்டுக்கு நிலக்கரியில் வருவதில் பாதிக்கும் குறைவு. (எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனும் புவியைச் சூடாக்கும்; வழியில் கசியும் அதையும் சேர்த்தால் இந்தக் கணக்கு கெட்டுப்போகும். அதைச் சொல்லாமல் எரிவாயுவைத் 'தூய எரிபொருள்' என்பது நியாயமில்லை.)

ஆனால் இந்த நிலையத்தை அவசரப்படுத்த முடியாது. கொதிகலனின் நீராவிக் கலம் தடித்த எஃகு. சட்டென்று சூடேற்றினால் உள்பக்கம் விரியும், வெளிப்பக்கம் விரியாது; நாளடைவில் விரிசல் விடும். அதனால் ஆறிக் கிடக்கும் நிலையத்தைக் கிளப்பச் சில மணி நேரம் பிடிக்கும். நிறுத்திய பிறகும் ரோட்டரை, அதாவது டர்பைனின் சுழலும் தண்டை, மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் அது வளைந்துவிடும். இப்படிப்பட்ட இயந்திரத்தைத் தினமும் மாலையில் ஏற்றி இரவில் இறக்குவது அதன் ஆயுளைத் தின்பதுதான்.

பேட்டரியோ ஒரு நொடிக்குள் மின்சாரம் தரும். ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி 2017இல் தொடங்கியபோது அதன் வேகம் 100 மெகாவாட், சேமிப்பு 129 மெகாவாட் மணி; முழு வேகத்தில் ஓடினால் ஒன்றேகால் மணி நேரத்துக்குத்தான் காணும். இப்போது நான்கு மணி நேரப் பேட்டரிகள் சகஜமாகிவிட்டன. மாலை உச்சம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

ஆகவே மாலைத் தேவைக்கு மட்டும் புதிதாக ஒற்றைச் சுழற்சி டர்பைன் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். காற்றும் வெயிலும் நாள்கணக்கில் இல்லாமல் போகும்போது மட்டும் பேட்டரி கைவிடும். அதற்குக் கூட்டுச் சுழற்சி நிலையம் இருந்தே ஆக வேண்டும். அப்போதும் குழாயில் வாயு வந்தால்தான் அது ஓடும். 2021 பிப்ரவரியில் டெக்சஸில் கடுங்குளிரால் வாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்து, தேவை உச்சத்தில் இருந்தபோதே பல எரிவாயு நிலையங்கள் நின்றன.

பழைய எரிவாயு நிலைய வளாகத்திலேயே பேட்டரியை வைப்பது நல்ல யோசனை. மின்பாதைகள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் பேட்டரிகளைப் பழைய டர்பைன் கட்டடத்துக்குள்ளேயே நெருக்கி அடுக்கியிருந்தார்கள். 2025 ஜனவரியில் அங்கே பெருந்தீ பிடித்தது. இடம் அதுவாகவே இருக்கட்டும், பேட்டரிகளைத் திறந்தவெளியில், தனித்தனிப் பெட்டிகளாக, இடைவெளி விட்டு வைக்க வேண்டும்.