ட்ரையோமினோஸ்: பெட்டியைத் திறந்ததும் 56ஐ எண்ணுங்கள்

304 சீட்டு அடிக்க நாலு பேர் சேராத பின்னேரங்களுக்கு இது நல்ல சாமான். இரண்டு பேரே போதும். டொமினோவின் முக்கோண வடிவம், 1965இல் வந்தது. மூலைக்கொரு எண், 0 முதல் 5 வரை. ஒரு பக்கத்தை ஒட்டும்போது அந்தப் பக்கத்தின் இரண்டு எண்களுமே பொருந்தவேண்டும்.

வன்னிக்குக் கூரியரில் எடுத்தால் திருப்பி அனுப்புவது அலைச்சல், ஆகவே வந்தவுடனே சரிபாருங்கள். மூன்று மூலையும் ஒரே எண்ணாக 6 காய், இரண்டு மூலை ஒன்றாக 30, மூன்றும் வேறாக 20. மொத்தம் 56. ஒவ்வோர் எண்ணும் 28 தரம் வரும். எண்களின் வரிசை மாறிய அச்சுப் பிழை இந்தக் கணக்கில் பிடிபடாது. மூன்றும் வேறான காய்களில் சிறிய எண்ணிலிருந்து மணிக்கூட்டு முள் சுற்றுகிற பக்கமாக வாசித்தால் ஏறிக்கொண்டே போகவேண்டும். 1-2-3 இருக்கலாம், 1-3-2 இருந்தால் அந்தக் காய் பிழை.

மட்டைக் காய் வேண்டாம், மாரியில் ஈரம் குடித்து வளையும். பிளாஸ்டிக்கும் காய் நிறுத்தும் தாங்கியும் உள்ள செட்டை எடுங்கள். பாயில் விரித்தால் வரிசை கலையும். கரம் போர்ட் பரவாயில்லை, பவுடரைத் துடைத்துவிட்டு. இல்லாவிட்டால் காய் வழுக்கும்.

இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 9 காய், மூன்று நாலு பேர் என்றால் 7. மூன்று மூலையும் ஒரே எண்ணான காய்தான் மும்மை; பெரிய மும்மைக் காய் வைத்திருப்பவர் தொடங்குவார். வைக்கும் காயின் மூன்று எண்களின் கூட்டுத்தொகைதான் புள்ளி; தொடங்கும் மும்மைக்கு அதோடு 10 சேரும். 0-0-0இல் தொடங்கினால் மட்டும் 40. ஒருவரிடமும் மும்மை இல்லையென்றால் கூட்டுத்தொகை கூடிய காய் தொடங்கும், 10 கிடையாது. வைக்கக் காய் இல்லாதவர் குவியலில் மூன்று வரை எடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 5 கழியும். மூன்றும் உதவாவிட்டால் இன்னும் 10, ஆக 25 போய்விடும். இரண்டு எடுத்து 3-4-5 வைத்தவருக்கு 12இல் 10 கழிந்து மிஞ்சுவது வெறும் 2. இந்தக் கழிவை விட்டுவிட்டு விளையாடினால் சின்னப் பிள்ளைகளின் பொருத்தம் பார்க்கும் விளையாட்டுத்தான்.

ருசி, ஒரு முனையைச் சுற்றி ஆறு காய் சேரும் அறுகோணத்தில் இருக்கிறது. ஆறாவது காயால் அதை மூடினால் காயின் எண்களோடு 50. பக்கம் பொருந்தி, எதிர்மூலையும் வேறொரு காயின் முனையில் அதே எண்ணோடு முட்டினால் அது பாலம், 40. அறுகோணத்தின் கடைசி ஓட்டைக்குப் பொருந்தும் காய் செட்டிலேயே ஒன்றுதான்; அது மேசையில் விழுந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஓட்டையின் மூன்று எண்களும் வேறாகி, மேற்சொன்ன சுற்றில் இறங்குவரிசையாக நின்றால் அதை நிரப்பக் காயே இல்லை. எதிராளி ஐந்தாவது காயை அடுக்கியிருக்கும்போது இது தெரிந்தவர் பதறமாட்டார்.

முதலில் கையை முடிப்பவருக்கு 25, கூடவே மற்றவர்கள் கையிலுள்ள எண்கள் முழுவதும். யாராவது 400 தொட்டால் அந்தச் சுற்றோடு ஆட்டம் முடியும். புள்ளி எழுதக் கொப்பியும் பேனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.