மாமாவுக்குத் தமிழில் ஒரு தாள்

மெல்போர்னில் மூன்று வாரம் லீவு போட்டு கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்குப் போனது மாமாவுக்காகத்தான். உணவுக்குழாய்ப் புற்றுநோய். நான் போய் இறங்கிய மறுநாள் அவருக்கு டிஸ்சார்ஜ்.

சோறு நெஞ்சில் நிற்கிறது என்று அவர் சொன்னபோது, பக்கத்து கிளினிக்கில் கேஸ் டிரபிள் என்று நான்கு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சோறு போய் கஞ்சி, கஞ்சியும் இறங்காத பிறகுதான் எண்டோஸ்கோபி. விழுங்கச் சிரமம் என்றால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

முதலில் ஐந்து வாரம், வாரம் ஒரு கீமோ, கூடவே 23 முறை ரேடியேஷன். உடம்பு தேறியபின் ஆபரேஷன். இந்த முறையைச் சோதித்து நெதர்லாந்தில் நடந்த கிராஸ் (CROSS) ஆய்வு 2012இல் வெளியானது. நேரே ஆபரேஷனுக்குப் போனவர்களில் பாதிப் பேர் 24 மாதம் தாண்டினார்கள். இந்த முறையில் பாதிப் பேர் 49 மாதம் தாண்டினார்கள். மாமாவுக்கு வந்தது செதிள் செல் வகை, அதாவது உணவுக்குழாயின் உள்பக்கத்தை மூடியிருக்கும் தட்டையான செல்களில் தொடங்குவது. அந்த வகையில், வெட்டியெடுத்த பகுதியில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் புற்றணுவே மிஞ்சவில்லை. மாமாவின் ரிப்போர்ட்டும் அப்படித்தான் வந்தது. அத்தை அதைச் சாமி படத்தின் கீழே வைத்திருக்கிறார்.

ஆபரேஷனில் இரைப்பையைக் குழாய்போல் தைத்து, மேலே இழுத்துக் கழுத்தில் இணைத்துவிடுகிறார்கள். இணைப்பு கசியலாம், நிமோனியா வரலாம். அதனால் வருஷத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள் என்று மாமா மகன் முன்பே கேட்டிருந்தான். அது கேட்கவேண்டிய கேள்விதான். அதிகம் செய்யும் இடங்களில் இறப்பு குறைவு. டாக்டர்களும் சிஸ்டர்களும் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள்.

என் ஆதங்கம் டிஸ்சார்ஜ் தாளைப் பற்றி. அச்சில் ஆங்கிலம், ஓரத்தில் பேனாவால் மலையாளம். மாமாவும் அத்தையும் இதே ஊரில் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். மலையாளம் பேசுவார்கள், வாசிக்க வராது. வந்த அன்றே மாமா பழையபடி ஒரு தட்டு நிறைய குழைந்த ரசம் சாதம் சாப்பிட்டார். கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்தது. ராத்திரி மட்டமாகப் படுத்ததில் கசப்பு தொண்டைவரை ஏறியது. "திரும்ப வந்துருச்சா கண்ணு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வார்டுக்குப் போன் போட்டேன். தமிழ் பேசத் தெரிந்த ஒரு சிஸ்டர் இருபது நிமிஷம் பொறுமையாகச் சொன்னார். இரைப்பை இப்போது பை இல்லை, குழாய். சாப்பாடு சட்டென்று குடலுக்கு இறங்கினால் இப்படி ஆகும், பயப்படாதீர்கள் என்றார். ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். இனிப்பைக் குறைக்கணும். சாப்பிட்டபின் இரண்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. தலைமாடு உயரணும். வயிற்றிலுள்ள ஃபீடிங் டியூபைப் பால் விட்டதும் தண்ணீர் விட்டுக் கழுவணும்.

எல்லைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இந்த ஒரு தாளைத் தமிழிலும் அடிப்பது பெரிய காரியமா? எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். ஊரில் இருப்பவர்களும் கேளுங்கள்.

சிஸ்டர் சொன்னதை ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தோம். காலை பத்தரைக்கு அத்தை அரை இட்லியைப் பிட்டு வைக்க, மாமா தாளை ஒருமுறை வாசித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.